கண்ணாயிரம் எண் போடாமல் விட்ட வீடு

காஞ்சிபுரத்துக் கோபுரங்களை எண்ணிச் சொல்வதற்கு ஊரில் ஆள் குறைவில்லை. கோயிலுக்குக் கோயில் ஒருவர் காத்திருந்து, நிலை எத்தனை, கலசம் எத்தனை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார். ஆனால் அந்த ஊரின் வீட்டுக் கதவுகளை, வெயிலில் தெருத்தெருவாக நடந்து, ஒன்றுவிடாமல் எண்ணியவர் கண்ணாயிரம்தான். ஒன்றுவிடாமல் என்று சொன்னது தவறு. ஒன்றை விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையைச் சொல்வதென்றால் அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாயிரத்துக்குச் சொந்த ஊர் மாகறல். ஏர் பிடிக்கிற குடும்பம். அண்ணன்மார் இருவரும் நிலத்தோடு நின்றுவிட, மூன்றாமவருக்கு நிலத்தில் வேலையும் இல்லை, மனசும் இல்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கச் சொன்னால், அடித்து முடித்துவிட்டு மீதி வர்ணத்தில் கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு மாட்டின் பெயரையும் எழுதி வைப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். மாட்டுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. ஐம்பத்தொன்பதாம் வருஷம், இருபத்து மூன்று வயதில், நகராட்சியில் தினக்கூலியாகச் சேர்ந்தார்.

முதல் இரண்டு வருஷம் சாக்கடைகளில் கொசு மருந்து தெளித்தார். ஒருநாள் மருந்து டப்பாவின் மேல் அவர் எழுதி வைத்திருந்த ‘விஷம்’ என்ற சொல்லை வருவாய்ப் பிரிவுத் தலைமை எழுத்தர் சக்ரவர்த்தி பார்த்துவிட்டார். விஷத்தை இவ்வளவு அழகாகவா எழுதுவது, குடித்துப் பார்க்க ஆசை வருகிறதே என்று சொல்லி, டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார். சக்ரவர்த்தி சின்ன காஞ்சிபுரத்துக்காரர். திருமண் இட்ட நெற்றி, கக்கத்தில் குடை, பேச்சில் சிக்கனம். பதிவேட்டில் அடித்தல் திருத்தலைக் கண்டால் அன்றைக்கு அவருக்கு மதியச் சோறு இறங்காது.

நகராட்சி என்றால் நமக்கெல்லாம் குப்பை வண்டியும் தெருவிளக்கும் நினைவுக்கு வரும். உள்ளே இருப்பவர்களுக்கு ஊர் என்பது ஒரு பெரிய பதிவேடு. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். தலைவர்கள் மாறினார்கள், வார்டுகள் மாறின, கொடியே மாறியது. பதிவேடு மட்டும் கை மாறி வந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு மனிதன் நுழைவதற்கு இருந்த ஒரே வழி அவன் வீட்டுக் கதவு எண். எண் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை, குழாய் இல்லை, குடும்ப அட்டை இல்லை. எதிரில் வந்து நின்று கத்தினாலும் பதிவேட்டின் காதில் விழாது.

அறுபத்தெட்டில் அந்த எண்களையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட முடிவாயிற்று. ஊர் வளர்ந்துவிட்டது, ஒரு வீடு மூன்றாகியிருந்தது, தோட்டங்கள் தெருவாகியிருந்தன. நகராட்சித் தேர்தலும் வரப்போகிறது, வார்டுகளைப் பிரிக்க வேண்டும். எண் எழுதும் வேலை கண்ணாயிரத்துக்கு வந்தது. இடது கக்கத்தில் எண்ணிக்கைப் புத்தகம், ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் வர்ண டப்பா. நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை அடிப்பார். அது காய்வதற்குள் அடுத்த மூன்று வீடுகளுக்கும் அடித்துவிட்டுத் திரும்பி வந்து, கறுப்பில் எண் எழுதிப் புத்தகத்திலும் ஏற்றுவார். எண் வெட்டிய தகட்டு அச்சு கொடுத்திருந்தார்கள். அதைத் தொடவே மாட்டார். எட்டு என்ற எண்ணைப் பிரஷ் எடுக்காமல் ஒரே சுழியில் போடுவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடும்.

மாசி மாதத்தில் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார். நெசவுத் தெருக்கள். அங்கே விடிந்ததும் தெரு தெருவாக இருக்காது. இந்தக் கோடியில் ஒரு கட்டை, அந்தக் கோடியில் ஒரு கட்டை, நடுவில் வீடு வீடாகத் தாண்டிப் பட்டுப் பாவு நீண்டு கிடக்கும். ஒரு சேலைக்கு நீளவாட்டில் ஓட வேண்டிய இழைகள் எல்லாம் அதில் இருக்கும். ஆண்களும் பெண்களும் இரண்டு பக்கமும் நின்று இழை பிரிப்பார்கள், அறுந்ததை முடிவார்கள். விரித்த பாவை யாரும் தாண்டக் கூடாது. குனிந்து அடியில் புகுந்து போகவும் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் நாய்க்குக்கூட அது தெரியும்.

அன்று காலை துரைக்கண்ணு என்ற நெசவாளியின் வீட்டுப் பாவு விரித்திருந்தது. வடக்கு வரிசையில் சுவரை ஒட்டியே போட்டிருந்தார்கள். கண்ணாயிரம் துரைக்கண்ணுவின் கதவில் 17 போட்டார். அதற்கடுத்துப் பத்தடிச் சுவர், பாவுக்கும் ஆட்களுக்கும் பின்னால் மறைந்திருந்தது. கூரை ஒன்றாக இருந்ததால் அதுவும் துரைக்கண்ணு வீடுதான் என்று பட்டது. இருந்தாலும் பாவு சுருட்டியதும் வந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, தெரு நடுவே சுற்றிப் போய், பாவின் அந்த முனைக்கு அப்பால் இருந்த கதவில் 18 போட்டார். 19, 20 என்று வேலை ஓடிற்று. யாரோ மோர் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது பாவு இல்லை, ஆட்கள் இல்லை. தெரு நடுவிலிருந்து பார்த்தார். 17, 18, 19. எண்ணில் இடைவெளி இல்லாததால் வீட்டிலும் இடைவெளி இல்லை என்று கண் நம்பிவிட்டது.

அந்தப் பத்தடிச் சுவரில் ஒரு கதவு இருந்தது. அதற்குப் பின்னால் கங்கையம்மாள் இருந்தார்.

சித்திரையில் ஊர் முழுதும் எண் போட்டு முடித்தார் கண்ணாயிரம். பதினோராயிரத்துச் சொச்சம் கதவுகள். கமிஷனரே கூப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றார். தினக்கூலிகளில் பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிறது, அதில் உன் பெயர் நாலாவது என்று சக்ரவர்த்தி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வருஷம் காத்திருந்த சேதி. நிரந்தரமானவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு காக்கி உடுப்பு உண்டு. கண்ணாயிரத்தின் மனைவி கிருஷ்ணவேணி அன்று சாயங்காலமே, வாசல் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, சுவரில் ஒரு ஆணி அடித்தாள். காக்கிச் சட்டைக்கு. கணவனுக்குப் பெருமை வர வேண்டும் என்பதைவிட, பார்க்க வருகிற ஓரகத்திகளுக்கு அது தெரிய வேண்டும் என்பதில்தான் அவளுக்குக் குறி.

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை கங்கையம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ராட்டையில் பட்டு இழைக்கிற கை, விரல் நுனியெல்லாம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஓட்டர் பட்டியல் எழுத வந்தவர்கள் எல்லார் வீட்டுக்கும் போனார்கள், தன் கதவை மட்டும் தட்டவில்லை, ஏன் என்று கேட்டார். இளம் எழுத்தர் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“பதினேழுக்கு அப்புறம் பதினெட்டுதாம்மா இருக்குது. நடுவுல வீடு எதுவும் இல்ல.”

“நடுவுலதான்பா நான் இருக்கிறேன்,” என்றார் கங்கையம்மாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்த கண்ணாயிரத்துக்கு அந்தக் குரல் கேட்டது. தெருவும் எண்ணும் காதில் விழுந்தன. சுருட்டாத பாவு கண்ணுக்கு முன்னால் வந்தது. எழுந்து போய், அம்மா, தவறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. அந்தம்மாள் படியிறங்கிப் போகும்வரை குனிந்த தலை நிமிராமல் கழுவின பிரஷ்ஷையே கழுவிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் பின்னாளில்கூட அவருக்குக் காது சுட்டுவிடும்.

மறுவாரம் முழுவதும் சோறு பிடிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் போய் ஒரு எண்ணை எழுதிவிட்டு வந்துவிடலாம் என்றுகூடத் திட்டம் போட்டார். ஆனால் எந்த எண்ணை எழுதுவது? 18 பக்கத்து வீட்டுக்காரர் கதவில் உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தினால் தெருக்கோடி வரை நகர்த்த வேண்டும். கடைசியில் பார்த்துவிட்டாவது வருவோம் என்று ஆடி முடிகிற வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார்பாளையம் போனார்.

துரைக்கண்ணு வாசலில்தான் நின்றிருந்தார். எண் போடுகிறவரை அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வரவழைத்தார். நல்ல மனிதர். மூன்று பெண்கள், ஒரு தறி, மூச்சு முட்டுகிற வீடு. அந்தக் கூரையை அவருடைய அப்பா இருந்த நாளிலேயே இரண்டாகப் பிரித்து, நடுவில் சுவர் வைத்து, மூத்தவன் தர்மனுக்கு ஒரு பக்கமும் இளையவன் துரைக்கண்ணுவுக்கு ஒரு பக்கமும் கொடுத்திருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். தர்மன் போய் ஏழு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. அந்தப் பக்கத்தில் இப்போது அவருடைய மனைவி கங்கையம்மாள் தனியாக இருக்கிறார். நடுச்சுவரை இடித்து, அந்தப் பக்கத்துத் தெருக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் அங்கே இன்னொரு தறிக்குக் குழி வெட்டலாம். மூத்த பெண்ணுக்கு நெசவு வருகிறது. அண்ணியும் தங்களோடு ஒரே குடும்பமாக இருந்துவிடலாம். இதையெல்லாம் துரைக்கண்ணு சந்தோஷமாகச் சொன்னார்.

“ரெண்டு வருசமா எனக்கு மனசு வரலப்பா. அண்ணி இன்னா நினைச்சிப்பாங்களோன்னு. இப்போ முனிசிபாலிட்டியே ஒரே வூடுன்னு எண்ணிட்டுப் பூடுச்சே. அப்பால நான் எதுக்கு யோசிச்சிக்கினு இருக்கணும்? வர்ற புதன்கிழம கொத்தனார் வர்றாரு.”

கண்ணாயிரம் பாதிக் காப்பியிலேயே விடைபெற்றுக்கொண்டார்.

வெளியே வந்தபோது பக்கத்துக் கதவு திறந்திருந்தது. கங்கையம்மாள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நகராட்சி ஆள் என்று தெரிந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒரு கூடம், ஒரு அடுப்பங்கரை, தட்டி வைத்த முற்றம், அவ்வளவுதான் வீடு. மைத்துனரோடு போய் இருப்பதில் என்ன கஷ்டம் என்று கண்ணாயிரம் கேட்டார். கஷ்டம் இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசைதான். அப்படிச் சொல்லிவிட்டால் தன் தவறு தவறே இல்லாமல் போய்விடும்.

கங்கையம்மாள் ராட்டையை நிறுத்தினார்.

“துரைக்கண்ணு நல்லவன்தான்பா. மூணு வேளையும் சோறு போடுவான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா எங்க வூட்டுக்காரரு போன அன்னிக்கி, எல்லாரும் கெளம்பின அப்பால, நான் இந்தக் கதவச் சாத்திக்கினு அழுதேன். ரெண்டு நாளு தொறக்கல. யாரும் ஏன்னு கேக்கல, என் கதவு. இன்னொருத்தர் வூட்ல இருந்துக்கினு அப்படிக் கதவச் சாத்த முடியுமா? சும்மா இருக்கத்தான் முடியும், சிரிச்சிக்கினு.”

கண்ணாயிரம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கிருஷ்ணவேணியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாவு விரித்திருந்ததிலிருந்து கொத்தனார் வரை எல்லாவற்றையும் கேட்டாள்.

பட்டியல் எப்போது கமிஷனருக்குப் போகிறது என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றார். அந்தம்மாள் வீட்டுக்குக் கொத்தனார் எப்போது வருகிறான் என்று கேட்டாள். புதன்கிழமை என்றார். அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. திங்கட்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றும். கண்ணாயிரத்துக்கும் வழியெல்லாம் அது தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

“அப்படிச் செஞ்சா நீ அந்தச் சட்டைய மாட்டிக்கினு அந்தத் தெருவுல போக மாட்டே,” என்றாள் கிருஷ்ணவேணி. “நாளைக்கே சொல்லிடு.”

பிறகு அவர் கழற்றிப் போட்டிருந்த வர்ணக் கறைச் சட்டையை எடுத்து உதறி, புதிதாக அடித்த ஆணியில் மாட்டினாள். ஆணி சும்மா இருப்பானேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது. அரிசி களைகிற இடத்துக்குத் திரும்பிப் போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

சனிக்கிழமை காலையில் சக்ரவர்த்தி குடையை மூலையில் சாய்ப்பதற்கு முன்பே கண்ணாயிரம் போய் நின்றார். சொல்லி முடித்தார். சக்ரவர்த்தி திட்டவில்லை. உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் கண்ணாயிரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவரே போய், முப்பதுகளில் எழுதிய பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்து பிரித்தார். அதே தெரு, அதே கூரை. அண்ணனுக்கு ஒரு எண், தம்பிக்கு ஒரு எண் என்று இரண்டு கதவுகள் தெளிவாக இருந்தன. அப்பா வாய்ச்சொல்லாகப் பிரித்ததை அன்றைக்கே யாரோ ஒரு எழுத்தர் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

17-ஐ ஒட்டி ஒரு துணை எண் கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றார் சக்ரவர்த்தி. ஒன்று, வீடு புதிதாகப் பிரிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது. அதில் யார் தவறும் இல்லை, யாருக்கும் ஆபத்தில்லை, பட்டியலும் அப்படியே போகும். இரண்டாவது, எண்ணிடும்போது விடுபட்டது என்று எழுதுவது. அப்படி எழுதினால் விட்டவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் கமிஷனருக்குப் போகும். விளக்கம் கேட்கப்பட்ட ஆளை இந்த வருஷம் நிரந்தரமாக்க மாட்டார்கள்.

முதல் வழியைச் சொன்னபோது சக்ரவர்த்தியின் குரல் கொஞ்சம் தணிந்தது. பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர், கண்ணாயிரத்துக்காக ஒன்று எழுத முன்வந்திருந்தார். கண்ணாயிரத்துக்கு அது புரிந்தது. கும்பிடத் தோன்றியது. இருந்தாலும், அந்தம்மாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதானா சார் என்று கேட்டுவிட்டார்.

சக்ரவர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணு இல்லை, கண்ணாயிரம். புதுசாப் பிரிச்சதுன்னா, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். அவர் போட மாட்டார். விட்டுப்போச்சுன்னு எழுதினா யார் சம்மதமும் வேண்டாம். அந்த வீடு எப்பவும் இருந்தது, நாமதான் பார்க்கலைன்னு அர்த்தம்.”

கண்ணாயிரம் காகிதம் கேட்டார். வடக்கு வரிசையில் 17க்கும் 18க்கும் நடுவிலுள்ள கதவை நான் எண்ணாமல் விட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுத்து எப்போதும்போல் முத்து முத்தாகவே விழுந்தது. சக்ரவர்த்தி அதை வாங்கிப் படித்துவிட்டு, மடிக்காமல் கோப்பில் வைத்தார்.

திங்கட்கிழமை பட்டியல் போயிற்று. முதலில் எழுதிய தாளில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாலாவது பெயரின்மேல் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும். சக்ரவர்த்தி அந்தப் பெயரை அடிக்க மனமில்லாமல், முழுப் பட்டியலையும் வேறொரு தாளில் பதினோரு பேரோடு புதிதாக எழுதி அனுப்பினார். பழைய தாளை என்ன செய்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, அந்தக் கதவுக்கு எண் போடும் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணாயிரம் பிள்ளையார்பாளையம் போனார். பழைய பதிவேட்டில் இரண்டு கதவுகள் இருப்பதையும், எண்ணாமல் விட்டது தான்தான் என்பதையும் முதலில் துரைக்கண்ணுவிடம் சொன்னார். துரைக்கண்ணுவின் முகம் சிறுத்துப் போனது.

“ஊருக்கு முன்னாடி என்னை அண்ணி வூட்டப் புடுங்குறவனா ஆக்கிட்டியேப்பா,” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குத் தறிச் சத்தம் நிற்கவே இல்லை.

பக்கத்துக் கதவில் கண்ணாயிரம் வெள்ளை அடித்தார். அது காய்கிற நேரத்தில் வேறு கதவுக்குப் போக வேண்டியதில்லை. சும்மா நிற்க முடியாமல், கங்கையம்மாளிடமும் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பாவு விரித்திருந்தது, தாண்டக் கூடாதென்று சுற்றிப் போனேன், உங்கள் கதவைப் பார்க்காமல் விட்டவன் நான்தான், அலுவலகத்துக்கு நீங்கள் வந்தபோதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றார். திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

கங்கையம்மாள் வாசற்படிக்கு வந்து, காயாத வெள்ளையைப் பார்த்தார்.

“தாண்டியிருந்தா நானே உன்னத் திட்டியிருப்பேன்பா,” என்றார்.

அலுவலகத்தில் வாய் திறக்காததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை மன்னித்தாரா, காதில் வாங்கவே இல்லையா என்று கண்ணாயிரத்துக்குக் கடைசிவரை தெரியாது. 17-ஏ என்று எழுதினார். பதினோராயிரம் கதவுகளிலும் அவ்வளவு மெதுவாக எழுதினதில்லை. புதன்கிழமை வந்த கொத்தனாரைத் துரைக்கண்ணு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்.

துரைக்கண்ணு அண்ணியோடு வெகுநாள் பேசவில்லை. வீட்டில் குழம்பு வைத்தால் மட்டும் ஒரு கிண்ணம் மகள் கையில் பக்கத்துக் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூத்த மகளுக்குத் தறி வேறு தெருவில் வாடகைக்குப் போட வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்துக்கு அது சின்னச் சுமை இல்லை. கண்ணாயிரத்தைத் தெருவில் கண்டால் துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தன்னால்தான் அந்தப் பெண் தினமும் இரண்டு தெரு நடக்கிறாள் என்று கண்ணாயிரத்துக்கும் வருத்தம் உண்டு. ஒரு கதவைத் திறந்து வைக்கப் போய் இன்னொரு வீட்டில் மனசைச் சாத்திவிட்டோமே என்று கிருஷ்ணவேணியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தேர்தல் வந்தது. கங்கையம்மாள் ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று கேட்ட கட்சிக்காரரிடம், அதைச் சொல்லவா இவ்வளவு பாடுபட்டேன் என்றாராம். புது நகரமன்றம் அமைந்தது, புதுத் தலைவருக்குப் புது நாற்காலி வந்தது, குழாய்கள் வந்தன, தண்ணீர் சில நாள் வந்தது. பிற்பாடு நகரமன்றமே இல்லாமல் போய்த் தனி அலுவலர் ஆட்சி வந்தது. மாலை போட்டவர்களும் மாலை வாங்கினவர்களும் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாயிரத்தின் பெயர் அறுபத்தொன்பதிலும் வரவில்லை, எழுபத்தொன்றிலும் வரவில்லை. எழுபத்துமூன்றில் வந்தது. காக்கிச் சட்டையின் முதல் மடிப்பைக் கிருஷ்ணவேணி கலைக்கவிடாமல் ஒரு நாள் முழுக்க ஆணியில் மாட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்ளக் கொடுத்தாள். வெயிலில் நின்று நின்று முழங்கால் போய்விட்டதால், அவரைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கடைநிலை ஊழியராக உட்கார வைத்தார்கள். சக்ரவர்த்தி அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

எழுபத்தேழு மார்கழியில், ஒரு காலை பத்து மணிக்குத் துரைக்கண்ணு அந்த அறைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. குளித்த ஈரம் காயாத முடி, எண்ணெய் இல்லாத முகம். எதற்கு வந்திருக்கிறார் என்று பார்த்த உடனே கண்ணாயிரத்துக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். துரைக்கண்ணு அவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒன்பது வருஷப் பேச்சில்லாமை இருவருக்கும் நடுவில் இருந்தது.

எழுத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இறந்தவர் பெயர் கங்கையம்மாள். கணவர் பெயர் தர்மன். வயது அறுபது இருக்கும். நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே. நோய் என்று ஒன்றுமில்லை. சொல்கிறவர் யார்? கணவரின் தம்பி. கதவு எண் என்ன என்று எழுத்தர் கேட்டார். கண்ணாயிரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வீடு இனி துரைக்கண்ணுவுக்குத்தான். பங்கு கேட்க வேறு ஆள் இல்லை. நடுச்சுவரை இடிக்கலாம், கதவை அடைக்கலாம், வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. பதினேழு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுத்தர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

“பதினேழு ஏ,” என்றார் துரைக்கண்ணு.

எழுத்தர் அவசரத்தில் 17 என்று எழுதிவிட்டுப் பேனாவை நகர்த்தினார். துரைக்கண்ணு எழுந்து, மேசைமேல் குனிந்து, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“ஏ போடுங்க சார். அவங்க எங்க வூட்ல சாகல. அவங்க வூட்ல, அவங்க கதவச் சாத்திக்கினுதான் செத்தாங்க. நேத்துக் காலையில நான்தான் வெளியில நின்னு தட்டினேன்.”

சொல்லி முடித்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணாயிரம் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தார். துரைக்கண்ணு அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. இருவரும் அழுதார்கள். எழுத்தர் பேனாவை மறுபடி எடுத்து, 17க்குப் பக்கத்தில் ஒரு ஏ எழுதினார்.